ஷட்டரைக் கொஞ்சம் தூக்குங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் டவுன் பஸ்ஸில் முதலில் இறங்குவது ஷட்டர்தான். சாரல் அடிக்கிறதென்று ஒருவர் இறக்கினால், அவரைப் பார்த்து மற்ற ஜன்னல்களும் வரிசையாக மூடிக்கொள்ளும். உள்ளே நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தில் நாலு பேராவது இருமிக்கொண்டிருப்பார்கள். நாம் அரை மணி நேரத்தில் இறங்கிவிடுவோம். கண்டக்டருக்கு அன்று முழுக்க அந்தக் காற்றுதான். மழைக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் கூடுவதற்குக் குளிர்ச்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் மூடி வைக்கும் ஜன்னல்களுக்கும் அதில் பங்குண்டு.

மூடிய அறையில் ஊதுபத்தி ஏற்றினால் அணைந்த பிறகும் வாசனை தங்கியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் சற்று நேரத்தில் போய்விடும். இருமும்போதும் பேசும்போதும் வாயிலிருந்து கிளம்பும் மிக நுண்ணிய துளிகளும் அப்படித்தான். பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும். நுண்துளிகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். 2020இல் காய்கறியைக்கூட சோப்புப் போட்டுக் கழுவிய நாம், அறைக் காற்றைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை. கொரோனா கிருமி காற்றின் வழியாகவும் பரவும் என்று உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்ல 2021 ஆகிவிட்டது. அந்தப் பாடம் ஃப்ளூவுக்கும் பொருந்தும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் காற்றோட்டம் பற்றியதுதான். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ட்யூஷன் நடக்கும் மாடி அறை, கிளினிக்கில் காத்திருக்கும் இடம், ஏசி போட்ட கல்யாண மண்டபம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். வீடுகளில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. அவ்வப்போது கதவைத் திறந்து விடுவதால் கரண்ட் கொஞ்சம் செலவாகலாம், பரவாயில்லை.

அடுத்தது மாஸ்க். இருமல் உள்ளவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் அவசியம் போட வேண்டும். மூக்குக்குக் கீழே தொங்கும் மாஸ்க் போடாததற்குச் சமம். என்95 கிடைத்தால் நல்லது. கை கழுவுவதையும் விட்டுவிட வேண்டாம். சாப்பிடும் முன்பும், குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்ட பின்பும் சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்தால் போதும். கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்புறையை சோப்பு உடைத்துவிடும்.

மருந்து விஷயத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். "காய்ச்சல், உடம்புவலி, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்கண்ணே" என்று மெடிக்கலில் கேட்டால், சில கடைகளில் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்பது சட்டப்படி தவறு. வேண்டாமென்று மறுக்கவும், கொடுப்பது என்ன மாத்திரை என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஃப்ளூவுக்கென்றே உள்ள மருந்து ஓசல்டாமிவிர். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அதன் பலன் நன்றாக இருக்கும். அதனால் கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் நாள் கடத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சலென்றால் ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுக்கொரு முறை போட வேண்டியது, ஏனென்றால் கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது. பாதுகாப்பு உண்டாக இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாவது, நினைவு தடுமாறுவது, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, விட்ட காய்ச்சல் மறுபடி ஏறுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. அவசர நிலையில் வருபவரின் உயிரைக் காக்கும் கடமை அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களுக்கும் உண்டென்று 1989இல் உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

காய்ச்சல்காரர் வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதுவது எளிது. நாள் கூலிக்காரருக்கு அது ஒரு வேளைச் சோறு. இஎஸ்ஐயில் உள்ளவர்கள் ஆறு மாதக் கணக்குக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா செலுத்தியிருந்தால், நோய் விடுப்புக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம் பெறலாம். ஆண்டுக்கு 91 நாள் வரை இது கிடைக்கும். இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் வேண்டும். இப்படி ஒரு பணம் உண்டென்றே தெரியாமல் காய்ச்சலோடு மெஷின் முன் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் வேலை செய்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கோ சித்தாளுக்கோ அந்தப் பணமும் இல்லை. அவர்களுக்கு விடுப்பு கொடுப்பது நம் கையில் இருக்கிறது. அக்கா இருமிக்கொண்டே வந்து நின்றால், பாராசிட்டமால் போடாமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் வராதிருக்கும்வரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களுக்கான சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.