உங்களுக்குத் தெரியுமா? பெண்கள் மட்டும் ஓட்டும் பந்தயம்

● 2013 அக்டோபர் 13. செப்பாங்கில் மோட்டோ3 மோட்டார் சைக்கிள் பந்தயம். முதல் மூன்று இடங்களைத் தாண்டி யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அன்று கவனிக்க வேண்டியது 15ஆவது இடம். அங்கே வந்து சேர்ந்தவர் 16 வயது ஸ்பெயின் பெண் ஆனா கராஸ்கோ. 15ஆம் இடத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. உலகப் பந்தயத்தில் அவர் எடுத்த முதல் புள்ளி அதுதான். எடுத்த இடம் கோலாலம்பூர் விமான நிலையத்தை ஒட்டிய நம் தடம்!

● அதே கராஸ்கோ 2018இல் சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தை வென்றார். ஆண்களும் பெண்களும் கலந்து ஓட்டும் போட்டி அது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம். 2020இல் முதுகெலும்பு முறிந்தது. மறு ஆண்டே திரும்பி வந்து ஒரு பந்தயத்தை ஜெயித்தார். அதற்கப்புறம் மோட்டோ3இல் இரண்டு ஆண்டுகள் போராடினார், புள்ளி வரவில்லை. 2024இல் பெண்களுக்கென்றே உலக மோட்டார் சைக்கிள் தொடர் ஒன்று தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே யமஹா ஆர்7. முதல் ஆண்டுப் பட்டம் யாருக்கு? கராஸ்கோவுக்கே. தனித் தொடர் என்றால் ஆண்களோடு மோத முடியாதவர்களுக்கானது என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை இன்னொரு தடவை படிக்கலாம்.

● கார் பந்தயத்தின் உச்சப் படியான எஃப்1 வரலாற்றில் புள்ளி எடுத்த பெண் ஒருவர்தான். இத்தாலியின் லெல்லா லொம்பார்டி, 1975, ஸ்பெயின். விபத்தால் பந்தயம் பாதியில் நின்றதால் புள்ளியும் பாதிதான். ஆறாம் இடத்துக்கு அரைப் புள்ளி. கடைசியாக எஃப்1 தகுதிச் சுற்றில் முயன்ற பெண் ஜொவானா அமாத்தி, 1992இல். மூன்று முறை முயன்றும் இடம் கிடைக்காமல் போக, அணி அவர் இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்தது. அந்த வேறொருவர் டேமன் ஹில், பின்னாளில் உலக சாம்பியன்.

● ஜேமி சாட்விக் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'டபிள்யூ சீரிஸ்' என்ற பெண்கள் தொடரின் பட்டத்தை 2019, 2021, 2022 என மூன்று முறை வென்ற பிரிட்டிஷ் பெண். (2020இல் கோவிட், தொடரே நடக்கவில்லை.) பெரும்பாலானவர்களுக்குத் தெரியாதது இதற்கு முந்தின கதை. டபிள்யூ சீரிஸின் முதல் பந்தயம் 2019 மே மாதம். அதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரியில், அவர் எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் பட்டத்தை வென்றிருந்தார். துபாய், பஹ்ரைன் எல்லாம் சுற்றி அந்தத் தொடர் முடிந்த இடம் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை தடம். டயர் கம்பெனியான எம்.ஆர்.எஃப். சென்னைக் கம்பெனி, தடம் சென்னைத் தடம், தோற்றவர்கள் ஆண்கள். அந்தப் பட்டத்தை ஒரு பெண் வென்றது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் எஃப்3இல் ஒரு பந்தயத்தை ஜெயித்த முதல் பெண்ணும் அவர்தான்.

அப்புறம் ஏன் பெண்கள் தொடருக்குப் போனார்? கணக்குப் போட்டால் புரியும். டபிள்யூ சீரிஸில் நுழைவுக் கட்டணம் இருக்கவில்லை. காரும் மெக்கானிக்கும் அவர்களே தந்தார்கள். பட்டம் வென்றால் 5 லட்சம் அமெரிக்க டாலர். மற்றத் தொடர்களில் ஓட்டுநர்தான் அணிக்குப் பணம் கட்ட வேண்டும்! திறமை இருந்தும் பணமில்லாமல் பாதியில் நின்ற ஆண்களும் ஏராளம். ஆனால் பெண்ணுக்கு விளம்பரதாரர் கிடைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

● சாட்விக் செப்பாங்கிலும் ஓட்டியிருக்கிறார். 2019-20 ஆசிய எஃப்3 தொடர் இங்கும் வந்தது. ஆண்களும் பெண்களும் கலந்த அந்தத் தொடரில் அவருக்கு மொத்தத்தில் நான்காம் இடம்.

● டபிள்யூ சீரிஸுக்கு ஆள் எடுத்த விதம் வேடிக்கையானது. 2019 ஜனவரியில் ஆஸ்திரியாவின் மெல்க் ஊருக்கு வரச் சொன்னார்கள். பனி கொட்டிக் கிடக்க, வழுக்கும் தடத்தில் சாதாரணக் கார்களை ஓட்ட வைத்துப் பாதிப் பேரைக் கழித்துக் கட்டினார்கள். மிஞ்சியவர்களுக்கு ஸ்பெயினில் இரண்டாம் சுற்று. கடைசியில் தேர்வானவர்கள் 18 பேர். முதல் ஆண்டில் கார்களைக்கூட ஒருவருக்கே நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 'அவள் கார் நல்ல கார்' என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

● எல்லாம் இலவசம் என்றால் யாராவது பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2022இல் பணம் வற்றியது. கடைசி மூன்று பந்தயங்கள் ரத்து. 2023 ஜூனில் நிறுவனம் கடன் நிர்வாகிகள் கைக்குப் போனது. தொடரில் குறை என்று சொல்ல வேண்டுமானால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும், பெண்கள் தனியாக ஓட்டியதை அல்ல.

● எதிர்ப்பும் பெண்களிடமிருந்தே வந்தது. 2018இல் டபிள்யூ சீரிஸ் அறிவிப்பு வந்த உடனே இண்டிகார் ஓட்டுநர் பிப்பா மான் கடுமையாகக் கண்டித்தார். பெண்களை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு என்பது அவர் கட்சி. ஜெர்மனியின் சோஃபியா ஃப்ளோர்ஷும் வேண்டாம் என்றார். அதே ஆண்டு நவம்பரில் மக்காவ் பந்தயத்தில் அவருடைய கார் தடுப்பைத் தாண்டிப் பறந்த காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வயது 17, முதுகெலும்பில் முறிவு. சிகிச்சை முடித்துத் திரும்பியவர் தனித் தொடர் பக்கமே போகவில்லை. 2023இல் உலக எஃப்3 தொடரில் புள்ளி எடுத்த முதல் பெண்ணாகிக் காட்டினார். சொன்னபடி நடந்து காட்டியவர் என்பதால் அவர் வாதத்துக்கு எடை அதிகம்.

● இப்போது இருப்பது எஃப்1 அகாடமி. 2022 நவம்பரில் அறிவித்து 2023இல் தொடங்கினார்கள். தலைமை சூசி வுல்ஃப். 2014இல் எஃப்1 வாரயிறுதிப் பயிற்சியில் கார் ஓட்டியவர். 2024இல் பத்து எஃப்1 அணிகளும் ஆளுக்கொரு பெண்ணை ஆதரிக்கத் தொடங்கின.

● இலவசம் அல்ல. முதல் ஆண்டில் ஓட்டுநர் தர வேண்டியது 1,50,000 யூரோ. அதே அளவு தொகையை எஃப்1 நிறுவனம் போட்டது. நம் கணக்கில் ஏழு லட்சம் வெள்ளிக்கு மேல். கிள்ளான் புக்கிட் திங்கி பக்கம் ஓர் இரட்டை மாடி வரிசை வீட்டை வாங்கி, அதை ஓர் ஆண்டுக்குள் டயரில் தேய்த்து முடிப்பது மாதிரி. பிறகு 1,00,000 யூரோவாகக் குறைத்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா கடை வைத்திருக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டால், பாதி திறந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஏழெட்டு வயதில் தொடங்கும் கோ-கார்ட் ஆண்டுகளுக்கு யார் பணம் கட்டுவது என்பது தனிக் கேள்வி. வடிகட்டல் உண்மையில் நடப்பது அங்கேதான். அந்த வயதில் மகனைத் தடத்துக்குக் கூட்டிப் போகிற அப்பா, மகளை எங்கே கூட்டிப் போகிறார்?

● மலேசியாவுக்கு எஃப்1 அகாடமி வராதது ஏன்? 2024 முதல் அது எஃப்1 நடக்கும் வாரயிறுதிகளில்தான் நடக்கிறது. செப்பாங்கில் எஃப்1 1999இல் தொடங்கி 2017இல் முடிந்துவிட்டது. ஆகவே நேரில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் 2024, 2025 இரண்டு ஆண்டும் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர்தான் போக வேண்டியிருந்தது. 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவு, உலகத் தரத் தடம் இங்கே. பெண் பிள்ளைகள் பந்தயம் பார்ப்பது அங்கே. கிராண்ட் பிரீ வேண்டாம் என்று முடிவெடுத்தபோது இதையெல்லாம் யார் யோசித்திருப்பார்கள்?

● எஃப்1 அகாடமியில் ஒருவர் அதிகபட்சம் இரண்டு சீசன்தான் ஓட்டலாம். சாட்விக் மூன்று பட்டம் வென்றும் மேலே இடம் கிடைக்காமல் டபிள்யூ சீரிஸிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். அந்த நிலை வரக்கூடாது என்றால் இந்த மாதிரி விதிதான் வேண்டும். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான். ஏறு, இறங்கு, அடுத்தவளுக்கு இடம் விடு.

● ஆனால் ஏறி எங்கே போவது? எஃப்1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று ஆண்டில் 40 புள்ளி. எஃப்2 பட்டம் வென்றால் ஒரே மூச்சில் 40. எஃப்3 பட்டத்துக்கு 30. எஃப்1 அகாடமி பட்டத்துக்கு 10. பெயரில் எஃப்1 இருந்தாலும் கார் எஃப்4 ரகம், ஏணியின் அடிப்படி.

● அகாடமியின் முதல் சாம்பியன், ஸ்பெயினின் மார்த்தா கார்சியா, பரிசாக அடுத்த படியான ஃபார்முலா ரீஜனல் இருக்கையைப் பெற்றார். அங்கே வெற்றி வரவில்லை. இரண்டாவது சாம்பியன் ஆபி புல்லிங் கதை வேறு. டபிள்யூ சீரிஸில் ஓட்டியவர், அது மூடியதும் அகாடமிக்கு வந்தார். 2024இல் அகாடமிப் பட்டம் எடுத்த அதே ஆண்டு பிரிட்டிஷ் எஃப்4இலும் ஓட்டி, அந்தத் தொடரில் ஒரு பந்தயத்தை ஜெயித்த முதல் பெண்ணானார். ஒரே ரகக் கார், ஒரே சீசன், இரண்டு தொடர். தடத்தில் அவர் கழித்த நேரம் இரட்டிப்பு. அடுத்த ஆண்டு ஜிபி3 தொடரில் செலவில்லாத இருக்கை கிடைத்தது. தனித் தொடர் உதவுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் பெண். தனித் தொடரில் மட்டும் ஓட்டியிருந்தால் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன்.

● ஸ்டீயரிங் விஷயம் தெரியுமா? எஃப்1 காரில் பவர் ஸ்டீயரிங் உண்டு. அதற்குக் கீழே இருக்கும் எஃப்2, எஃப்3 கார்களில் கிடையாது! மேல் படியைவிட நடுப் படியில்தான் தோளும் மணிக்கட்டும் அதிகம் நோகும். 2019இல் இப்போதைய எஃப்2 தொடரில் ஓட்டிய முதல் பெண் தத்தியானா கால்டெரோன் புள்ளி இல்லாமல் சீசனை முடித்தார். ஸ்டீயரிங் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் காரை வடிவமைத்தவர்கள் யாரை மனத்தில் வைத்து வடிவமைத்தார்கள் என்பது தெரிகிறது.

● ஜப்பானில் டபிள்யூ சீரிஸுக்கு முன்பே, 2017இல், பெண்கள் தொடர் வந்துவிட்டது. பெயர் கியோஜோ கப். நடப்பது ஃபுஜி தடத்தில். தொடங்கியவர் லெ மான்ஸ் பந்தயத்தை 1995இல் வென்ற மசானோரி செகியா. அதிலும் பிறகு டபிள்யூ சீரிஸிலும் ஓட்டிய மிக்கி கொயாமா, 2022இல் ஜப்பான் ஃபார்முலா ரீஜனல் பட்டத்தை வென்றார். கலப்புத் தொடர். சத்தமில்லாமல் நடந்ததால் இங்கே யாரும் பேசவில்லை.

● நம்ம ஊர் லியோனா சின்னை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். 2015இல் வந்த அந்தக் காணொளி: மூக்குக் கண்ணாடி, பயந்த முகம், கியர் போடக்கூடத் தெரியாத மாணவியாக நடிப்பு. பக்கத்தில் உட்கார்ந்த பயிற்சியாளர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அடுத்த நிமிடம் கார் பம்பரமாகச் சுழல, அவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு அலறுகிறார்கள். கோடிக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் டிரிஃப்ட்டும் சர்க்கிட் பந்தயமும் ஓட்டும் தொழில்முறை ஓட்டுநர். 'பொம்பளை வண்டி ஓட்டினா இப்படித்தான்' என்று எல்லாரும் மனத்தில் வைத்திருப்பதால்தானே அந்த நகைச்சுவையே எடுபட்டது?

● தமிழ்நாட்டில் பெண்களுக்கான தனிப் பிரிவு முதலில் வேரூன்றியது மோட்டார் சைக்கிளில். டி.வி.எஸ். நிறுவனம் பெண்களுக்கென ஒரே ரக பைக் பந்தயத்தை நடத்தியது. தேசியப் போட்டியிலும் பெண்கள் பிரிவு வந்தது. சென்னையின் ஆன் ஜெனிஃபர், ரைஹானா பீ போன்றவர்கள் அதில் ஓட்டி வளர்ந்தவர்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் அலிஷா அப்துல்லாவுக்குத் தனிப் பிரிவு இல்லை. பைக் சாம்பியனான அப்பா ஆர்.ஏ. அப்துல்லா இருந்தார். அப்பா பந்தய வீரராக இல்லாத வீட்டுப் பெண்ணுக்காகத்தான் பின்னாளில் அலிஷாவே பயிற்சிப் பள்ளி தொடங்கினார் போலும்.

● பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆண்களில் யாரும் அதற்கு முன் வாங்கவில்லை!

● தனித் தொடரும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம் என்று மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 2021இல் தொடங்கிய 'எக்ஸ்ட்ரீம் ஈ' மின்கார்த் தொடரில் ஒவ்வோர் அணியிலும் ஓர் ஆண், ஒரு பெண் இருந்தார்கள். ஒரே கார், சமமான சுற்றுகள். பெண் ஓட்டுநர் மெதுவாக இருந்தால் அணியே தோற்கும் நிலை. ஆகவே நல்ல பெண்ணைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தே தீர வேண்டியிருந்தது, தயவு தாட்சண்யத்துக்கு அல்ல, ஜெயிப்பதற்காக. முதல் ஆண்டுப் பட்டம் ஆஸ்திரேலியாவின் மோலி டெய்லர், சுவீடனின் யோஹான் கிறிஸ்டோஃபர்சன் ஜோடிக்கு.

● இந்தியன் ரேசிங் லீக்கிலும் இதே பாணி. அணிக்கு ஒரு பெண் ஓட்டுநர் கட்டாயம். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் விளக்கு போட்டு இரவுப் பந்தயம் நடந்ததே, அந்த லீக்தான்.