காற்றைக் கூட்டினால் பெட்ரோல் ஏன் குறைகிறது?

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு அதன் வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் ஆசை எப்போதும் உண்டு. அதற்காக அவர்கள் முதலில் கைவைப்பது காற்று வடிகட்டியில்தான். தொழிற்சாலையில் பொருத்திய பெட்டியையும் வடிகட்டியையும் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவத் திறந்த வடிகட்டி ஒன்றைக் கார்புரெட்டரின் வாயில் மாட்டிவிடுகிறார்கள். 'எஞ்சின் நன்றாக மூச்சு விடும்' என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் தவறன்று. ஆனால் மூச்சு சிறிது கூடும்போது உணவு நிறையவே குறைந்துவிடுகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது?

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. பருமனில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும்! முடுக்கியை முழுதும் திருகி ஓட்டும்போது மட்டும் பெட்ரோலைச் சற்று மிகுதியாக, 13-க்கு 1 என்ற அளவில் கொடுப்பார்கள். அந்த அளவில்தான் திறன் உச்சத்தை எட்டுகிறது. மிகுதிப் பெட்ரோல் ஆவியாகி எஞ்சினைக் குளிர்விக்கவும் செய்கிறது.

நம் சென்னையில் தயாரான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடுகிறது என்க. நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் ஐந்தில் நான்கு பங்கு நிரம்புவதாகக் கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 690 லிட்டர் காற்று உள்ளே போகிறது. இவ்வளவும் 24 மில்லிமீட்டர் அகலமுள்ள கார்புரெட்டர் தொண்டை வழியே, அதுவும் நான்கில் ஒரு பங்கு நேரத்தில் போக வேண்டும். அப்போது காற்றின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 100 மீட்டர்! எந்தப் புயலும் அவ்வளவு வேகத்தில் நம் கரையைத் தாக்கியதில்லை.

வேகம் மிகும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பது 1738-இல் பெர்னூலி கண்ட விதி. அதன்படி தொண்டையில் அழுத்தம் சுமார் 5,800 பாஸ்கல் குறைகிறது. கீழே மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேலோ வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருக்கிறது. இந்த வேறுபாடே பெட்ரோலை ஜெட் எனப்படும் நுண்துளை வழியாக மேலே தள்ளுகிறது. உறிஞ்சப்படுகிறது என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு.

இப்போது வடிகட்டிக்கு வருவோம். காற்று அதைக் கடக்கும்போதும் சிறிது அழுத்தத்தை இழக்கிறது. இந்த இழப்பு 1,000 பாஸ்கல் என்று கொள்வோம். அப்படியானால் ஜெட்டுக்குக் கிடைக்கும் வேறுபாடு 6,800 பாஸ்கல். வடிகட்டியை அறவே நீக்கினால் அது மீண்டும் 5,800 ஆகிவிடும். பெட்ரோலின் ஓட்டம் இவ்வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: பெட்ரோல் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. காற்றோ, வெளி அழுத்தமான ஒரு லட்சம் பாஸ்கலில் ஆயிரம் மிச்சமானதால், 1 விழுக்காடுதான் கூடுகிறது! 13-க்கு 1 ஆக இருந்த கலவை 14.2-க்கு 1 ஆகிவிட்டது. (காற்று உண்மையில் விட்டு விட்டுத் துடிப்பது போல் பாய்வதால் இது தோராயக் கணக்கே.) பழைய கார்களில் சோக் கம்பியை இழுத்தால் ஒரு தகடு காற்று வழியை அடைக்கும், உடனே பெட்ரோல் மிகும் அல்லவா? வடிகட்டியும் ஒரு சின்னச் சோக்தான்.

ஆகவே ஜெட்டை மாற்றாமல் வடிகட்டியை மட்டும் மாற்றியவருக்குத் திறன் கூடுவதில்லை, குறையவும் கூடும். சத்தம் மட்டும் நிச்சயமாகக் கூடும். அதைக் கேட்டு வேகம் கூடிவிட்டதாக நம்புகிறவர்கள் அதிகம். இதனிடையே வெளியேற்றும் வால்வும் பிஸ்டனும் வழக்கத்தைவிடச் சூடேறுகின்றன. நெடுஞ்சாலையில் தொடர்ந்து விரட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பழைய வண்டிகளுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகவே போதும். இந்தக் கலவை எரிபொருளுக்குத் தேவை 13.5 பங்குதான். வெறும் பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட், ஒன்றும் செய்யாமலே 7 விழுக்காடு பற்றாக்குறையில் ஓடுகிறது. அதன் மேல் திறந்த வடிகட்டியையும் மாட்டினால், முழு வேகத்தில் கலவை, பழைய கணக்கில், 15-ஐத் தாண்டிவிடும்.

பரிகாரம் பெரிய ஜெட். வடிகட்டிக்காக மட்டும் 9 விழுக்காடு ஓட்டம் கூட வேண்டுமானால், துளையின் விட்டம் 4.5 விழுக்காடு கூடினால் போதும். 1 மில்லிமீட்டர் துளைக்கு இது ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை! அடைப்பெடுக்கிறேன் என்று ஜெட்டில் கம்பியை விட்டுக் குடைவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்து விளங்கும். எண் பொறித்த ஜெட்டுகளை வாங்கி, ஒரு நேரத்தில் ஓர் அளவு மட்டுமே மாற்ற வேண்டும்.

முதன்மை ஜெட் ஆட்சி செய்வது முடுக்கியின் கடைசிக் கால் பங்கில். நடுப்பகுதி ஊசியின் பொறுப்பு. தொடக்கம் சிறிய பைலட் ஜெட்டின் பொறுப்பு. எனவே எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று முதலில் அறிய வேண்டும். முடுக்கிப் பிடியில் ஒட்டுத்தாள் துண்டால் குறியிட்டுக்கொள்வது நல்ல உபாயம். ஆளில்லாத மேட்டுச் சாலையில், மூன்றாவது கியரில், முழுதும் திருகிச் சிறிது தூரம் ஓட்டி, கிளச்சைப் பிடித்து எஞ்சினை அங்கேயே நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெள்ளை வெளேரென்றிருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் மிகுதி. வெளிர் பழுப்பே சரி. ஈயமில்லாப் பெட்ரோலில் நிறம் எளிதில் ஏறாது. பீங்கானின் அடி வளையத்தைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது நல்லது.

2020-இல் பாரத் நிலை-6 விதிகள் வந்தபின் புது வண்டிகளில் கார்புரெட்டர் போய், எரிபொருள் தெளிப்பான் வந்துவிட்டது. மிதமான வேகத்தில் ஆக்சிஜன் உணரி கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். முழு வேகத்தில் அது பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ள, நினைவகத்தில் பதித்த அட்டவணைப்படியே பெட்ரோல் செல்கிறது. அந்த அட்டவணையைத் திருத்த ஜெட் உதவாது; கணிப்பொறி வேண்டும்.

கார்புரெட்டர் வண்டிக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சென்னையில் சரிசெய்த ஜெட், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் பெட்ரோலை மிகையாக ஊற்றும். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலையேறும் வழியில் வண்டி கரும்புகை விட்டால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம். இறங்கி வந்தால் சரியாகிவிடும்.