பெருவாத்தின் பழைய பெயர்

பின்லாந்தில் பெருவாத்தை ‘ஹன்ஹி’ என்கிறார்கள். பால்டிக் கடலின் தென்கிழக்குக் கரையிலுள்ள லிதுவேனியாவில் அதே பறவைக்கு ‘ஜாசிஸ்’ என்று பெயர். கேட்டால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் குழந்தைகளே, இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை!

இரண்டு மொழிகளும் வேறு வேறு குடும்பம். பின்னிஷ், யூராலிய மொழி. லிதுவேனியம், இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளை. ஆகவே இது பரம்பரையாக வந்த சொல் இல்லை. 2000 ஆண்டுகளுக்கும் முன்பே பால்டிக் மக்களிடம் வாங்கிய கடன்.

எப்படித் தெரியும்? எழுதிவைத்த சான்று கிடையாது. பின்னிஷில் முதல் புத்தகம் அச்சானதே 1543இல்தான், லிதுவேனியத்தில் 1547இல். டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் சொற்களை அருகருகே வைத்து ஆராய்ந்து, 1890இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

நீங்களும் வைத்துப் பாருங்கள். பட்டாணி லிதுவேனியாவில் ‘ஜிர்னிஸ்’, பின்லாந்தில் ‘ஹெர்னெ’. உறைபனி அங்கே ‘ஷல்னா’, இங்கே ‘ஹல்லா’. காய்ந்த புல் அங்கே ‘ஷியெனஸ்’, இங்கே ‘ஹெய்ன’. அங்கே ஜ, ஷ வருகிற இடத்தில் இங்கே ஹ! ஒரு சொல்லில் என்றால் தற்செயல் எனலாம். சொல்லுக்குச் சொல் வந்தால் அது விதி. பின்னிஷின் தாய்மொழியில் முன்பு ‘ஷ’ ஒலி இருந்தது. கடன் வாங்கிய ‘ஜ’வையும் ‘ஷ’ என்றே சொன்னார்கள். பிறகு அந்த ‘ஷ’ எல்லாமே ‘ஹ’ ஆனது. அதற்கு முன்பே இச்சொற்கள் வந்து சேர்ந்துவிட்டன என்று இதிலிருந்து தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். ‘ஹன்ஹி’யில் ஒரு ‘ன்’ இருக்கிறது, ‘ஜாசிஸ்’ஸில் இல்லை. வாங்கியபோது அந்த மூக்கொலி பால்டிக் சொல்லில் இருந்தது. நாம் அறிந்த வடமொழி ‘ஹம்ஸ’மும் ஜெர்மன் ‘கான்ஸ்’ஸும் அதன் உறவுச் சொற்கள், அவற்றிலும் மூக்கொலி உண்டு. லிதுவேனியர் பேச்சில் அது தேய்ந்து மறைந்தது. எழுதும்போது மட்டும் உயிரெழுத்தின் அடியில் ஒரு குட்டி வால் போடுகிறார்கள். கொடுத்தவர் தொலைத்ததை வாங்கியவர் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்!

கோடரி, பாலம், செம்மறிக்கடா என்று இன்னும் பல பெயர்கள் இப்படிப் போயின. பண்டமாற்றில் இவை கைமாறுவது இயல்பு. ஆனால் ‘பல்’, ‘சகோதரி’, ‘மகள்’ ஆகியவற்றுக்கும் பால்டிக் சொற்களே வந்திருக்கின்றன. சந்தையில் மட்டும் சந்தித்தவர்களிடம் மகளுக்கான சொல்லை யார் வாங்குவார்கள்? இரு மக்களும் பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். பின்லாந்தில் மகள் ‘த்யுதார்’. கடலைத் தாண்டி எஸ்தோனியாவில் ‘த்யுதர்’. பின்னிஷும் எஸ்தோனியமும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிவதற்கு முன்பே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.