உங்களுக்குத் தெரியுமா? ஆனந்தைத் தோற்கடித்த தொழிலதிபர்!

ஐந்து முறை உலக செஸ் சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்தை 2021 ஜூன் 13 அன்று ஆன்லைனில் வென்றவர் கிராண்ட்மாஸ்டர் அல்ல; பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் நிறுவனர்களில் ஒருவரான நிகில் காமத்!

• கொரோனா நிவாரண நிதிக்கான ஆட்டம் அது. மறுநாளே காமத் ஒப்புக்கொண்டார்: கம்ப்யூட்டரும், ஆட்டத்தை அலசிய சிலரும் உதவினார்களாம்.

• செஸ்.காம் தளம் அவர் கணக்கை முடக்கியது. ஆனந்த் விஷயத்தை வளர்க்க விரும்பவில்லை. கணக்கு திரும்பக் கிடைத்தது. ஆனந்துக்குப் பெரிய மனசுதான்!

• அம்பத்தூர் பக்கத்துப் பாடியைச் சேர்ந்த பிரக்ஞானந்தா, 16 வயதில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனை வென்றதும் ஆன்லைனில்தான் (2022 பிப்ரவரி). கறுப்புக் காய்கள், 39 நகர்த்தல்கள், நம்மூரில் நள்ளிரவு தாண்டிய நேரம். கேமரா விழித்திருந்தது, உதவிக்கு ஆளில்லை.