பட்டாணி சைஸ் வேட்டைக்காரன்!

குட்டீஸ்... வண்ண மீன் கடையில், மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகளுடன், கண்களை உருட்டி உங்களையே பார்க்கும் குட்டி மீன் ஒன்று. வளர்ந்தாலும், 3.5 செ.மீ., தாண்டாது. 'சின்னது தானே' என, கப்பி மீன்களோடு விட்டு விடாதீர்கள். அவற்றின் வாலை கடித்து குதறிவிடும்!

இதன் பெயர், பட்டாணி பஃபர். கடலில் வாழும் பேத்தை மீனின் சொந்தக்காரன். கேரளாவின் பம்பை ஆற்றில் கிடைத்த இதை, 1941ல், ஹோரா, நாயர் என்ற ஆய்வாளர்கள் உலகுக்கு அறிமுகம் செய்தனர்.

வளர்க்க ஆசையா? முதலில் தொட்டி, அப்புறம் தான் மீன். ஒரு மீனுக்கு, 20 லிட்டர் நீராவது வேண்டும். குளோரின் நீக்கிய நீர், பில்டர், ஒளிந்து கொள்ள நிறைய செடிகள் அவசியம். தினமும் துளி தீனி போட்டு, சில வாரங்கள் பில்டரை ஓட விடுங்கள். மீன் கழிவில் உண்டாகும் அமோனியா என்ற நஞ்சை மாற்றும் பாக்டீரியாக்கள், அதில் பெருகும். சோதனை கிட்டில், அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என காட்டிய பின், மீனை விடுங்கள். வாரந்தோறும், கால் பங்கு நீரை மாற்றுங்கள்.

காய்ந்த தீனியை பெரும்பாலும் தொடாது. கொசுப்புழு, குட்டி நத்தை என்றால் ஒரே பாய்ச்சல் தான். இதன் பற்கள் வளர்ந்து கொண்டே இருக்கும். நத்தை ஓட்டை கடிப்பதால் தேயும்.

ஒரு விஷயம்... விற்பனைக்காக ஆறுகளில் இருந்து அள்ளப்படுவதால், ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சிவப்பு பட்டியலில், இதுவும் இடம்பெற்றுள்ளது. எனவே, 'தொட்டியில் பிறந்த மீனா?' என கேளுங்கள். 'ஆற்று மீன்' என்றால், வாங்காமல் திரும்பி விடுங்கள். அது ஆற்றிலேயே இருக்கட்டும்!