கோரைத் தாளில் ஒரு தங்கச் சுரங்கம்

இன்று நம்மிடம் இருக்கும் நிலவியல் வரைபடங்களிலேயே மிகப் பழையது ஒரு தங்கச் சுரங்கத்துடையது. இத்தாலியில், டூரின் நகரத்து எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 3,150 ஆண்டுகளுக்கு முன், நான்காம் ராம்சேஸ் ஆட்சியில், பாப்பிரஸ் சுருளில் வரைந்தது. ஏறக்குறைய 2.8 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம். தங்கம் கிடைக்கிற மலைகளுக்கு இளஞ்சிவப்பு, மற்ற மலைகளுக்குக் கறுப்பு என்று வண்ணம் பிரித்துத் தீட்டியிருக்கிறார்கள். மலைகளுக்கு நடுவே ஓடைப்பாதைகள், ஒரு கிணறு, ஒரு கோயில். பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக, தங்கம் தோண்டுகிறவர்களின் வீடுகள். இன்னார் குடியிருப்பு என்று அங்கே எழுதியும் வைத்திருக்கிறார்கள். படத்தின் மேல்பக்கம் தெற்கு. நைல் வருகிற திசைதான் எகிப்தியனுக்குத் தலைமாடு.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ்காரருக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. தங்கம் எங்கே, தண்ணீர் எங்கே, சாமி எங்கே, ஆள் படுக்க லைன் வீடு எங்கே: எந்தத் தங்கவயலுக்கும் இந்த நான்கும்தான் கணக்கு.

பாப்பிரஸ் பற்றி எழுதச் சொன்னவர்கள் மம்மி, பிரமிடு, சாபம் என்று மசாலா எதிர்பார்த்தார்கள். தேடப் போனால் கையில் அகப்பட்டதெல்லாம் கூலிக்காரர் கதையாக இருக்கிறது. எனக்கு அதுவே போதும்.

பாப்பிரஸ் ஒரு நீர்ச்செடி. பத்தமடையில் பாய் நெய்கிற கோரையின் பேரினத்தைச் சேர்ந்தது. ஆனால் ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வளரும். தண்டை நறுக்கிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். பச்சைத் தோலைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மெல்லிய பட்டைகளாக அரிவார்கள். பட்டைகளை வரிசையாக அடுக்கி, அதன்மேல் குறுக்காக இன்னொரு வரிசை அடுக்கி, தட்டி, அழுத்திக் காயவைத்தால் செடியின் சாறே இரண்டு அடுக்கையும் ஒட்டவைத்துவிடும். பிறகு கல்லாலோ சிப்பியாலோ தேய்த்து வழவழப்பாக்குவது. இப்படி 20 தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் ஒரு சுருள். எழுத நாணல் பேனா. புகைக்கரியில் கறுப்பு மை, காவிக்கல்லில் சிவப்பு மை. எழுதியதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதலாம். சிக்கனக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

தாளுக்கு மட்டும் பயன்பட்ட செடியும் அல்ல. கயிறு, பாய், கூடை, செருப்பு, படகு எல்லாம் அதில் செய்தார்கள். தண்டின் அடிப்பாகத்தைக் கரும்புபோல மென்று சாற்றை விழுங்கினார்கள். 1970இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் பாப்பிரஸ் படகு ஒன்றில் மொராக்கோவிலிருந்து புறப்பட்டு 57 நாளில் பார்படோஸ் தீவு போய்ச் சேர்ந்தார். எழுதிக் கழித்த தாள்களைப் பசை போட்டு ஒட்டி மம்மிக்கு உறை செய்த காலமும் உண்டு. இன்று அந்த உறைகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் வரவு செலவையும் வழக்கையும் படிக்கிறார்கள்.

இதுவரை கிடைத்தவற்றில் எழுத்துள்ள மிகப் பழைய பாப்பிரஸ் எது தெரியுமா? ராஜா கதையோ மந்திரமோ இல்லை, ஒரு மேஸ்திரியின் நாட்குறிப்பு. 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே குழு கண்டெடுத்தது. மேஸ்திரியின் பெயர் மெரர். ஏறக்குறைய 40 ஆட்களை வைத்துக்கொண்டு, தூரா என்ற இடத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவில் கூஃபுவின் பெரிய பிரமிடு வேலைக்குக் கொண்டு சேர்த்தவர். காலம் கி.மு. 2560 வாக்கில். இன்றைக்கு எங்கே கல் ஏற்றினோம், இரவு எங்கே தங்கினோம் என்று நாள் நாளாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். கூடவே கிடைத்த தாள்களில் ஆட்களுக்கு வந்த ரொட்டிக் கணக்கு. ஷிப்டு புத்தகம் என்று சொன்னால் தங்கவயலில் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தமும் பாப்பிரஸில்தான் இருக்கிறது, அதே டூரினில். மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1157 வாக்கில். அரசர்களுக்குக் கல்லறை குடைந்த தேர் எல்-மெதினா ஊர்த் தொழிலாளர்களுக்குக் கூலித் தானியம் வந்து சேரவில்லை. பசிக்கிறது என்று சொல்லி உளியைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தானியம் மட்டுமல்ல, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று பட்டியல் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதிகாரிகள் வந்து சமாதானம் பேசியதும், கொஞ்சம் கொடுத்ததும், திரும்பவும் நிறுத்தியதும் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. எழுதிவைத்த கணக்கர் பெயர் அமென்னக்தே. முதலில் சொன்ன தங்கச் சுரங்க வரைபடத்தையும் அவரே வரைந்தார் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து.

அப்படியென்றால் தங்க மலையின் படமும் பட்டினிக் கிளர்ச்சியின் குறிப்பும் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன. இதை நினைக்கும்போது 1930இல் இதே தங்கவயலில் கைரேகைப் பதிவு வேண்டாம் என்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியது நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த நாட்களை லைனில் உட்கார்ந்து எழுதிவைத்த அமென்னக்தே யாராவது இருந்தாரா? இருந்திருந்தால் அந்த நோட்டு இப்போது எந்த வீட்டுப் பரணில்?

அந்த எகிப்திய வரைபடம் தயாரானது கல் எடுக்கப் போன பெரும் பயணம் ஒன்றை ஒட்டி. அந்தப் பயணத்தைப் பாறையிலும் வெட்டிவைத்தார்கள். எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் போனதாகவும், 900 பேர் இறந்ததாகவும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. 900 என்ற எண்தான் இருக்கிறது, பெயர் இல்லை. கல்லில் எழுதச் செலவாகும், ராஜாவுக்குத்தான் கட்டுப்படியாகும். கூலிக்காரன் பெயர் வேண்டுமென்றால் மலிவான தாளைத்தான் தேட வேண்டும். அரண்மனைக் கல்வெட்டு ஆயிரத்தைவிட ஒரு மெரரின் நோட்டு மேல் என்பேன். கல்வெட்டு அறிஞர்கள் இதை ஒப்ப மாட்டார்கள், போகட்டும்.

ஆனால் தாள் எல்லா இடத்திலும் நிற்காது. ஈரம் பட்டால் பாப்பிரஸ் மக்கிவிடும். அலெக்சாந்திரியா நூலகத்துச் சுருள் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை மழையில்லாப் பாலைவனம் தந்தவை. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் ஊர்க் குப்பைமேட்டை 1896-97இல் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கிளறத் தொடங்கினார்கள். அந்த இடத்திலிருந்து லட்சக்கணக்கில் துண்டுகள் வந்தன: கடன் பத்திரம், வரி ரசீது, மகன் அப்பாவுக்கு எழுதிய கடிதம். நம் முசிறித் துறைமுக வாணிபக் கடன் ஒப்பந்தம் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் இன்று வியன்னாவில் இருக்கிறது. முசிறியின் மழையில் அப்படி ஒரு தாள் தப்பியிருக்காது. அராபியர் வழியாகக் காகிதம் வந்ததும், பத்துப் பதினோராம் நூற்றாண்டோடு எகிப்தில் பாப்பிரஸ் தொழிலே படுத்துவிட்டது. செய்முறையும் மறந்துபோய், 1960களில் ஹசன் ரகாப் என்பவர் சூடானிலிருந்து செடி கொண்டுவந்து நட்டு மறுபடி செய்து பார்க்க வேண்டியிருந்தது.

நம் பக்கம் பனையோலை. வேகவைத்து, நிழலில் உலர்த்தி, எழுத்தாணியால் கீறி, கரி பூசித் துடைத்தால் எழுத்து தெரியும். எவ்வளவு பேணினாலும் சில நூறு ஆண்டுகளில் பூச்சிக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் பிரதி எடுத்தாக வேண்டும். எடுக்காதவர்கள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். மிஞ்சிய ஓலைகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

அவ்வளவாகத் தெரியாத கதை தங்கவயலோடு ஒட்டியது. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற துரை வீட்டில் பட்லராக இருந்தவர். அவர் தம்மிடமிருந்த திருக்குறள் ஓலையை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்ததாக அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். குறள் 1812இல் அச்சேறியது. பேரன் அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் பெரிய வாசகர் கூட்டம். அவர் மறைவுக்குப் பின் நின்றுபோன ‘தமிழன்’, 1926இல் ஜி.அப்பாதுரையார் கையில் மறுபடி உயிர் பெற்றதும் தங்கவயலில்தான். பண்டிதரின் நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை மறுபதிப்பு செய்தது. பிறகு பல பத்தாண்டு மறதி. 1999இல் ஞான.அலாய்சியஸ் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுப்பைக் கொண்டுவர முடிந்ததென்றால், தனிமனிதர்கள் சிலர் பழைய இதழ்களைத் தூக்கிப் போடாமல் வீட்டில் வைத்திருந்ததுதான் காரணம்.

என் கவலை இங்கேதான். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபின், விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிற ஊராகிவிட்டது இது. போய்வந்து அலுத்தவர்கள் அங்கேயே குடிபோகிறார்கள். வீடு காலி செய்யும்போது கட்டிலும் பீரோவும் வண்டி ஏறும், டிரங்குப் பெட்டி ஏறாது. சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடு ஒன்றில் அப்படிப்பட்ட பெட்டியைத் திறந்து காட்டினார்கள். நாப்தலின் உருண்டை வாசனை. ஒரு சம்பளச் சீட்டுக் கட்டு, துருப்பிடித்த குண்டூசி குத்திய இடத்தில் செம்பழுப்பு வட்டம். ஒரு நாடக நோட்டீஸ், ஒரு சாவு ஓலை, நாலாக மடித்து மடிப்பிலேயே பிரிந்துபோன பணிச் சான்று. “எங்க தாத்தா பேரு எழுதியிருக்கிற ஒரே காயிதம் சார் இது” என்றார் அந்த அக்கா. அதைப் பத்திரப்படுத்த லேமினேஷன் போடக் கொடுக்கப் போகிறாராம். வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எடைக்குப் போடுவதைவிட லேமினேஷன் மோசம் என்று சில நேரம் தோன்றுகிறது. பாசத்தோடு செய்கிற கொலை அது. சூட்டில் உருகும் பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் பிறகு சேதமில்லாமல் பிரிப்பது நிபுணருக்கும் மிகக் கடினம். மம்மி உறையைப் பிரித்துப் படிக்கிறவர்கள்கூட இதற்குத் தயங்குவார்கள். போனில் படம் பிடித்தால் போதாதா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். பிடிக்கட்டும், நல்லதுதான். போன் மாறும்போது படம் எங்கே போகிறது என்றும் அவர்களே சொல்லட்டும்.

வேலைக்கே வழியில்லாத ஊரில் பழைய காயிதத்துக்கு என்ன அவசரம் என்று கேட்பவர்களும் உண்டு. மெரரின் ஆட்களுக்கும் அன்றைக்கு ரொட்டிதான் அவசரம்.

தங்கவயல்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வீடு மாற்றும் முன் டிரங்குப் பெட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசியையும் கிளிப்பையும் கழற்றுங்கள். மடிப்பை நீவி, வெள்ளைத்தாள் உறையில் தட்டையாக வையுங்கள். உறையின்மேல் பென்சிலால் ஆள் பெயர், லைன் பெயர், எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்று குறித்துவிடுங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே குறியுங்கள். லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.