ஃபேனைப் போடாதீங்க, ஆறு சக்கரம் காயுது!

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எச்சரிக்கை வந்துவிட்டது. “உள்ளே போனதும் ஃபேனைப் போட்டுடாதீங்க தம்பி. போன மாசம் ஒருத்தர் போட்டுட்டார். கண்ணாடி ஒண்ணு பறந்துபோச்சு. இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்.”

சொன்னவர் வீட்டு அம்மா. பறந்துபோனது ஒரு ரேஸ் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி. அளவு, ஓர் உளுந்தம்பருப்பு.

சென்னை, மே மாதம், மொட்டை மாடிக்கு நேர் கீழே ஓர் அறை, ஃபேன் கிடையாது, மூன்று மணி நேரம். சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறியிருக்கும். ஆனாலும் இன்னொரு முறை கூப்பிட்டால் ஓடுவேன்!

அறைக்குச் சொந்தக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பந்தயக் கார்களின் மாடல்களைச் சேர்ப்பார், கட்டுவார், அவ்வளவுதான் அவருடைய உலகம். பெயரைப் போடக்கூடாது என்பது நிபந்தனை. தெரிந்தால் சொந்தக்காரர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்களாம். ஐந்து வயதுப் பையன் ஒருவன் அந்த அலமாரிப் பக்கம் போவதை நினைத்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கிறது. அலமாரியைப் பார்த்த பிறகு எனக்கும்.

மேல் தட்டு முழுக்க உள்ளங்கையில் அடங்கும் 1/43 கார்கள். அதென்ன கணக்கு, 40 இல்லை, 50 இல்லை, 43? கேட்டதும் சாருக்குக் குஷி. எல்லாம் பொம்மை ரயில் செய்த வேலை. இங்கிலாந்தில் பொம்மை ரயில்களை ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தார்கள். வகுத்துப் பார்த்தால் 43 சொச்சம். ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தக் கார் வேண்டுமே என்று 1930களில் ஹார்ன்பி ரயில்காரர்களே குட்டிக் கார்களையும் வார்க்க ஆரம்பித்தார்கள். ரயில் போய்விட்டது, அளவு மட்டும் தங்கிவிட்டது. அந்த வரிசையின் நடுவில் மஞ்சளாக ஒரு ஜோர்டான். 2005இல் நம்ம நரேன் கார்த்திகேயன் ஓட்டியது. “இதை மட்டும் தினமும் துடைப்பேன்” என்றார்.

ஆனால் நான் பார்க்கப் போனது மேஜை மேல் இருந்த வேலையை. முதலில் மூக்கைத் தாக்கியது நெடி: பாதி நெயில் பாலிஷ், பாதி பெயிண்ட் கடை. அடுத்து கண்ணில் பட்டது ஓர் ஊறுகாய் பாட்டில். அதன் தலையில் கவிழ்த்த படகு மாதிரி பளபளக்கும் நீலக் கார் உடல் ஒன்று. பக்கத்தில் ஒரு தெர்மோகோல் அட்டை. அதில் நாற்று நட்ட மாதிரி ஊதுபத்திக் குச்சிகள். பத்தி எரிந்து முடிந்ததும் மிஞ்சும் மூங்கில் வால்களை அம்மா பூஜை அறையிலிருந்து சேர்த்துத் தருகிறார். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு பாகம் ஒட்டிக்கொண்டு, பெயிண்ட் காய்கிறது. எண்ணிப் பார்த்தேன். சக்கரங்கள் ஆறு!

எண்ணத் தெரியாமல் சொல்லவில்லை. டிரல் பி34. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய ஒரே ஆறு சக்கர வண்டி. பின்னால் வழக்கமான பெரிய டயர் இரண்டு, முன்னால் குட்டி டயர் நான்கு. வடிவமைத்தவர் டெரெக் கார்ட்னர். முன்சக்கரங்கள் காற்றை முட்டிக்கொண்டு நிற்பதுதான் அவருக்கு உறுத்தல். சக்கரத்தைச் சின்னதாக்கி மூக்குக்குப் பின்னால் ஒளித்துவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சின்னச் சக்கரத்துக்குப் பிடிப்பு போதாதே? இரண்டு ஜோடியாகப் போடு! 1975 செப்டம்பரில் ஹீத்ரோ விமான நிலையத்தின் அருகே ஓர் ஓட்டலுக்குப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். கார் மேல் துணி. துணிக்கு அடியில் வளையங்களை வைத்து, முன்னால் சாதாரண பெரிய சக்கரங்கள் இருப்பது போலவே மேடு காட்டியிருந்தார்கள். துணியை உருவியதும் அங்கே எத்தனை பேர் வாய் பிளந்தார்களோ, நானும் அதே மாதிரிதான் அந்தத் தெர்மோகோல் முன்னால் நின்றேன்.

வேடிக்கைக் காராகவே போய்ச் சேர்ந்துவிடவில்லை. 1976 ஜூனில் ஸ்வீடனில் ஜோடி ஷெக்டர் முதலிடம், பாட்ரிக் டெபாயே இரண்டாமிடம், இருவரும் ஆறு சக்கரத்தில்! 1977 முடிவில் கதை முடிந்தது. குட்டி டயரை யாரும் தொடர்ந்து மேம்படுத்தித் தரவில்லை. வேறெந்த அணிக்கும் அது தேவைப்படவில்லையே.

இப்போது இந்த மாடல் வந்த பெட்டிக்கு வருவோம். மாடல் கட்டுகிறவர்கள் வீட்டில் கடவுள் படத்துக்கு அடுத்து இருக்கும் இரட்டை நட்சத்திரச் சின்னம், ஜப்பானின் டமியா. ஷிசுவோகா ஊர்க் கம்பெனி. 1946இல் தொடங்கும்போது அது ஒரு மரம் அறுக்கும் மில். மில்லில் மிஞ்சிய மரத்தில் பொம்மை செய்யப்போய், 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. இதில் சார் துள்ளிக் குதிக்கும் இடம் வருகிறது. டிரல் அணியின் சொந்தக்காரர் கென் டிரல் யார்? மரக்கடைக்காரர்! இங்கிலாந்தின் சர்ரேயில் அவருடைய மரக்கிடங்கில் இருந்த கொட்டகைக்குள்தான் அந்த அணியின் பந்தயக் கார்களே உருவாயின. “ஒரு மரக்கடைக்காரர் செஞ்ச காரை இன்னொரு மரக்கடைக்காரர் பிளாஸ்டிக்கில் செஞ்சார். என் மேஜையில ரெண்டு பேரும் சம்பந்தி ஆயிட்டாங்க” என்றார்.

அதோடு விட்டாரா? 1976 அக்டோபரில் ஃபுஜியில் கொட்டும் மழையில் நடந்த ஜப்பான் பந்தயத்துக்கு இந்தக் கார்கள் வந்தபோது, உள்ளூர் ரசிகர்களுக்காக அணியின் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதி ஓட்டினார்கள். டெபாயே இரண்டாவதாக வந்தார். ஃபுஜி தடம் இருப்பதும் ஷிசுவோகா மாகாணத்தில்தான். சார் கட்டுவது அந்தப் பந்தயத்துக் கார். நாலே நாலு எழுத்து. உச்சரித்துக் காட்டச் சொன்னேன். “தா-இ-ரெ-ரு.” தயிர் ஞாபகம் வந்ததை வெளியே சொல்லவில்லை.

வேலை எப்படி நடக்கிறது? பெட்டியைத் திறந்தால் ஜன்னல் கம்பி மாதிரி பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் பாகங்கள் காய்த்துத் தொங்கும். அதற்கென்று இருக்கும் கட்டரால் நறுக்கி, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்குப் பசை கிடையாது. தண்ணீர் மாதிரி ஒரு திரவம். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும். சிவ்வென்று உள்ளே ஓடி பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றோடொன்று உருக்கிவிடும். வெல்டிங் மாதிரி. தப்பாகச் சேர்த்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். ஜாதகம் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

அப்புறம்தான் இந்த மனிதரின் கிறுக்கு தெரிய ஆரம்பித்தது. அவர் எதையும் மாடல் அளவில் சொல்வதே இல்லை. எல்லாம் நிஜக் கார் அளவு. கார் 1/20, ஆகவே பார்ப்பதையெல்லாம் இருபதால் பெருக்கிவிடுகிறார். “பெயிண்ட் கால் சென்டிமீட்டர் தடிச்சுப்போச்சு, தேய்ச்சு எடுத்தேன்” என்கிறார். எட்டிப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. தலைமுடி ஒன்று பெயிண்டில் விழுந்தால் அது முடி இல்லை, காரின் மேல் படுத்திருக்கும் கேபிள். என் விரலைத் திருப்பிக் காட்டினார்: “இந்த ரேகைக்கு ரேகை இடைவெளி ஒரு சென்டிமீட்டர். நீங்க காரைத் தொட்டா, ஏர் உழுத மாதிரி இருக்கும்.” கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கணக்கு அதோடு நிற்காது. இந்தக் காரின் காஸ்வொர்த் எஞ்சினுக்கு எட்டு சிலிண்டர், எட்டு ஸ்பார்க் பிளக் ஒயர். நிஜத்தில் ஒயர் 7 மில்லிமீட்டர் என்றால் இங்கே 0.35. அவ்வளவு மெல்லிசாக எங்கே கிடைக்கும்? பழைய இயர்போன்களை அறுத்துப் பார்த்திருக்கிறார். வீட்டில் வேலை செய்கிற இயர்போன் ஒன்றும் இப்போது இல்லையாம். இது அம்மாவின் புகார். சீட் பெல்ட், மாஸ்கிங் டேப்பைக் கீறியது. பத்து அங்குல முன்சக்கரம் இங்கே 12.7 மில்லிமீட்டர், சட்டைப் பட்டன். டிரைவர் அந்தக் குட்டிச் சக்கரங்களைப் பார்ப்பதற்காகவே காரின் விலாவில் சின்ன ஜன்னல் வைத்தார்கள். அந்த ஜன்னலும் இங்கே உண்டு. குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தேன். ஸ்டீயரிங் தெரிந்தது. சத்தியமாக ஒரு விநாடி நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நிறத்தில் மட்டும் கணக்கு செல்லாது. நிஜக் காரின் நீலத்தை அப்படியே கலந்து அடித்தால் மாடல் இருண்டுபோய்த் தெரியும். அதனால் சில சொட்டு வெள்ளை. ஒல்லியாக எட்டு, ஒன்பது கோட். மழைக்காலத்தில் பெயிண்ட் டப்பாவையே தொட மாட்டார். காற்றின் ஈரம் பட்டால் நீலத்தின் மேல் பால் கொட்டியது போல வெள்ளை பூத்துவிடும். மேல்மாடி வெயில் அறையில் ஃபேன் இல்லாமல் வேகும் மர்மம் இப்போது விளங்கியது. அக்னி நட்சத்திரம்தான் அவருக்கு முகூர்த்த காலம்.

கிறுக்கில் இவருக்கும் ஒரு குரு உண்டு. டமியாவை உலகறியச் செய்த ஷுன்சாகு டமியா, 1970களில் போர்ஷே 934 மாடலுக்காக ஒரு போர்ஷே 911 காரையே வாங்கிப் பிரித்துப் போட்டார். பொம்மை செய்ய! பிரித்ததைத் திரும்பப் பூட்ட போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அத்தனை செலவு செய்த மாடலை அங்கேயே விடாமல், 1976இல் அதே உடலுக்குள் மோட்டாரும் ரேடியோவும் வைத்து ரிமோட் காராக்கி விற்றார். இதே மனிதர்தான், மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கட்டும் என்று ஒரு டாங்கி மாடல் செய்து, பிறகு அளந்து பார்த்து அது 1/35 என்று கண்டுபிடித்தவர். இன்று உலகம் முழுக்க டாங்கி மாடல்களுக்கு அதுதான் பரவலான அளவு. 2025 ஜூலையில், 90 வயதில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குச் சார் எதையும் ஒட்டவில்லையாம்.

“பரணைக் காட்டினீங்களா?” என்று காபியோடு வந்த அம்மா போட்டுக் கொடுத்தார். பரணில் பழைய பித்தளைப் பாத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டாத பெட்டிகள், கூரை தொட. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. ஒன்று கட்ட, இன்னொன்று பாகம் தொலைந்தால் எடுக்க. சிகரெட் கம்பெனிப் பெயர் தாங்கிய பழைய கார்களின் பெட்டிகளில் அந்த ஸ்டிக்கர்களே வராமல் போவதுண்டு. புகையிலை விளம்பரச் சட்டங்கள். வெளியில் தனியாக வாங்கி ஒட்ட வேண்டும். வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடிக்காத மனிதர் கறுப்பு லோட்டஸுக்காக சிகரெட் பெயரைத் தேடி அலைந்த கதையை அம்மா சொல்ல, சார் காபிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கிளம்பும் நேரத்தில் அந்த வரம் கிடைத்தது. “தா-இ-ரெ-ரு நீங்க ஒட்டறீங்களா?”

டெக்கால் என்பது சாதாரண ஸ்டிக்கர் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் மிதந்தால் காகிதத்திலிருந்து கழன்று, பாலாடை மாதிரி வழுக்கும். மூச்சு விட்டால் சுருளும். பிரஷால் நகர்த்தினேன். வியர்வை ஒரு சொட்டு மூக்கு நுனியில் தொங்கியது. அம்மா தன் புடவைத் தலைப்பால் அதை ஒற்றி எடுத்தார், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மாதிரி. எழுத்து உட்கார்ந்தது. மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு போன்.

“தம்பி, நீங்க ஒட்டினது ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கு.”

பகீரென்றது. “ஒரு சென்டிமீட்டரா! சார், மொத்தக் காரே ஒரு சாண்தானே?”

“நிஜக் கார்ல சொல்றேன்” என்றார். “ரெண்டாவது பெட்டியில இன்னொரு ஷீட் இருக்கு. சாயந்திரம் வாங்க.”